பத்ருக்குச் செல்லாமல் பங்கு பெற்றவர்

2020 நவம்பரில் ஒரு செய்தி வெளியாயிற்று. இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவராக அப்போது இருந்த விராட் கோலி, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் முதல் டெஸ்ட் போட்டி முடிந்ததும் நாடு திரும்புவார். மனைவியின் தலைப்பிரசவத்தின்போது உடனிருக்க அவருக்கு விடுப்பு வழங்கப்பட்டுள்ளது என்பதே அச்செய்தி.

உடனே எழுந்தது விவாதம்! நாட்டுக்காக ஆடுபவர் பாதியில் வரலாமா என்றனர் ஒரு சாரார். 2015 உலகக் கோப்பைக்குச் சற்று முன் மகள் பிறந்த செய்தி கேட்டும் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்ட தோனியை அவர்கள் எடுத்துக் காட்டினர். சிறந்த கணவர் என்று கோலியைப் போற்றினர் மற்றொரு சாரார். டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்திய அணி 36 ஓட்டங்களுக்குச் சுருண்டு தோற்றது. எனினும் அவர் சொன்னபடியே புறப்பட்டார். அவரில்லாமலேயே அணி 2-1 என்ற கணக்கில் தொடரை வென்றது.

அன்பார்ந்த வாசகர்களே! நம் தேநீர்க் கடைகளிலும் இவ்வழக்கு விசாரிக்கப்பட்டது. தீர்ப்புக் கூறியவர்களுள் எத்தனை பேர், தம் பிள்ளை பிறந்த இரவில் தாம் எங்கிருந்தோம் என எண்ணிப் பார்த்திருப்பர்?

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய முடிவு

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. பத்ருப் போர். முஸ்லிம்கள் முந்நூற்றுக்குச் சற்று அதிகம். எதிரிகளோ ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒவ்வொரு வீரரும் தேவைப்பட்ட நேரம். அந்நேரத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் பெருமானாரின் அருமை மகளாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனிக்க மதீனாவிலேயே தங்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் போர்ச் செல்வத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! நோயுற்ற மனைவியின் அருகே அமர்ந்திருந்தவர் கடமையிலிருந்து விலகியவராகக் கருதப்படவில்லை. போர்க்களத்தில் நின்றவருக்குச் சமமாகவே மதிக்கப்பட்டார். அவருடைய பங்கும் குறைக்கப்படவில்லை.

சட்டமும் வழக்கமும்

நம் நாட்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, பெண்களுக்கான ஊதிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தந்தைக்கு? மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கடைகளிலும் ஆலைகளிலும் உழைப்போருக்கு அதைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் இல்லை. நட்சத்திர ஆட்டக்காரர் விடுப்பெடுத்தால் நாடே பேசுகிறது. ஜவுளிக் கடையில் நிற்கும் இளைஞன் விடுப்பெடுத்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. வளைகுடாவில் இருப்பவனோ பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில்தான் முதலில் காண்கிறான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆயினும் கணவன் அங்கு விருந்தாளியாக வந்து, குழந்தையைப் பார்த்து, பிரியாணி உண்டு திரும்புவதோடு அவன் கடமை தீர்ந்துவிடுமா? அகீகாவுக்கு ஒரு நாள் விடுப்பெடுக்க முடிந்தவனுக்கு, அழும் குழந்தையைத் தோளில் போட ஓர் இரவு கிடைக்காதா?

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைக் கேளுங்கள். ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே அவ்வேலையில் கைவைத்தனர். மேலப்பாளையத்தில் தொட்டிலை ஆட்டியபடியே பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் சகோதரிக்கு, கூலிவேலையும் வீட்டுவேலையும் ஒரே கூரையின் கீழ்!

பெருமானார் வீட்டில் என்ன செய்வார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என அன்னையார் விடையளித்தார்கள். இந்த ஸுன்னத்தைப் பின்பற்ற வெட்கம் ஏன்?

நம்மால் இயன்றது

கடையும் ஆலையும் நடத்தும் சகோதரர்களே! சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்த ஊழியனுக்குக் கூலியோடு பத்து நாள் கொடுங்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் பங்கு குறைக்கப்படாததை நினைவில் கொள்ளுங்கள். மாமியார்களே! மகன் குழந்தையின் துணியை அலசினால் கேலி பேசாதீர்கள். இளம் தந்தையரே! கோலியைப் போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். அவருடைய வீடு அவருக்கு. உங்கள் மனைவி விழித்திருக்கும் இரவுகளுக்குப் பொறுப்பாளர் நீங்கள்.

இல்லத்தாருக்கு நல்லவர்களாக வாழும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.