இறப்புப் பதிவேடும் வர்க்கமும்

விக்டோரியாக் கால இங்கிலாந்தின் குடும்ப வரலாற்றை ஆராய்வோர் குழந்தை மரணங்களைத் தனிமனித சோகங்களாகவே பெரும்பாலும் நோக்குவர். நோய் செல்வரையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மையே. 1856 இல் கார்லைல் பேராலய முதல்வர் டேற் ஐந்து புதல்வியரைச் செங்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். ஆயின் மரணம் எல்லா வர்க்கத்தினரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. 1842 இல் வெளியான சட்விக்கின் அறிக்கைப்படி, லிவர்பூலில் கனவான் குடும்பங்களின் சராசரி இறப்பு வயது 35. தொழிலாளர் குடும்பங்களில் 15. தொழிலாளர் யாவரும் இளமையில் மாண்டனர் என்பதன்று இதன் பொருள். அவர்தம் குழந்தைகள் திரளாக மடிந்தமையே சராசரியைத் தாழ்த்திற்று.

1837 இல் தொடங்கிய இறப்புப் பதிவேடு மரண காரணத்தோடு தந்தையின் தொழிலையும் பொதுவாகக் குறித்தது. 'பல்முளைத்தல்', 'வலிப்பு' என்பவற்றை மட்டும் வாசிப்போர் நோயையேனும் சரிவர அறியார். தொழிலையும் இறந்த இடத்தையும் சேர்த்து வாசிப்போருக்கே நெருக்கடியான குடியிருப்பும் அசுத்த நீரும் புலனாகும். குடும்ப வரலாறு அவ்விடத்திலேயே சமூக வரலாறாகிறது.