பையின் ஆயுள் ரன்னரில்

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் கோவையில் இன்ஜினீயரிங் சேர்கிறானாம். பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு பை என்று தீர்த்தவன். நாலு வருஷமும் தாங்குகிற மாதிரி ஒரே பையாக வாங்க வேண்டும், எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்று கேட்கிறார்.

கம்பெனிப் பெயரைச் சொல்வதில் பயன் குறைவு. ஒரே கம்பெனி எண்ணூறு ரூபாய்க்கும் பை விற்கிறது, நாலாயிரத்துக்கும் விற்கிறது. இரண்டிலும் துணி வேறு, ஜிப் வேறு, தையல் வேறு. பெயரை விட்டுவிட்டுப் பையைப் பார்க்கப் பழகுவது நல்லது. பையில் எந்த இடத்தை முதலில் பார்ப்பது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடையில் எல்லோரும் துணியைத்தான் கசக்கிப் பார்க்கிறார்கள். அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லேபிளில் 600டி, 1000டி என்று போட்டிருப்பது டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கும் என்பதே அந்த எண். எண் கூடக் கூட நூல் தடிமன். உராய்வை நைலான் நன்றாகத் தாங்கும், வெயிலைப் பாலியஸ்டர் நன்றாகத் தாங்கும். மொட்டை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற நம் பிள்ளைகளுக்கு நெருக்கமாக நெய்த 600 டெனியர் பாலியஸ்டரே போதும். துணி இதற்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. பை சாவது பெரும்பாலும் துணியால் இல்லை.

குப்பைத் தொட்டி ஓரத்தில் கிடக்கிற காலேஜ் பை ஒன்றை எடுத்துப் பாருங்கள். துணியில் கிழிசல் இருக்காது. அடிப்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். ஜிப்பை இழுத்தால் ரன்னர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுகமாக ஓடும், ஆனால் அதன் பின்னாலேயே பை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஜிப் போய்விட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். உண்மையில் போனது ஜிப் இல்லை, ரன்னர் மட்டும். விரல் நுனி அளவே உள்ள அந்த உலோகத் துண்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

விட்காம்ப் ஜட்சன் என்ற அமெரிக்கர் 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜிப்பின் முன்னோடியைக் கொண்டுவந்து வைத்தார். கொக்கியும் வளையமுமாக இருந்த அந்தச் சாதனம், போட்ட கொஞ்ச நேரத்தில் தானாக அவிழ்ந்துகொள்ளும். அதைச் சரிசெய்யப் பல வருஷம் மல்லுக்கட்டியவர் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கிதியோன் சுண்ட்பேக். கொக்கியையே தூக்கி எறிந்துவிட்டு, ஒரே மாதிரியான சின்னச் சின்னப் பற்களை இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக வைத்தார். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு மேடு, அடியில் ஒரு குழி. கரண்டிகளை அடுக்கும்போது ஒன்றின் குழியில் அடுத்ததன் முதுகு உட்காருகிறதே, அப்படி. 1913-ல் அமைப்பு தயார், 1917-ல் காப்புரிமை கிடைத்தது. ஜிப்பர் என்ற பெயர், குட்ரிச் கம்பெனி 1923-ல் தன் ரப்பர் காலணிகளில் இதைப் பொருத்தி விற்றபோது வந்தது.

இதில் என்னை மயக்குவது பூட்டுகிற விதம். வரிசை நேராக இருக்கும்போது இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடத்தில் எதிர்ப்பக்கத்துப் பல் நுழையவே முடியாது. ரன்னருக்குள் இருக்கும் பாதை கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். அதன் வழியாகப் போகும்போது இரண்டு வரிசையும் வளைகின்றன. வளைந்ததும் பற்களுக்கு இடையே மயிரிழை இடம் விரிகிறது. அந்த நொடியில் எதிர்ப்பல் உள்ளே வந்துவிடுகிறது. ரன்னர் தாண்டியதும் வரிசை நேராகிறது, இடம் சுருங்குகிறது, உள்ளே வந்த பல் மாட்டிக்கொள்கிறது. பிறகு புத்தகமும் லேப்டாப்பும் உள்ளிருந்து எவ்வளவு முட்டினாலும் திறக்காது. ஒட்டவும் இல்லை, கட்டவும் இல்லை, வளைத்து நிமிர்த்தியதே பூட்டு. திறக்கும்போது ரன்னரின் நடுவிலுள்ள ஆப்பு இரண்டு வரிசையையும் பிரித்துக்கொண்டே போகிறது.

இப்போதைய பைகளில் தனித்தனிப் பல் அநேகமாகக் கிடையாது. நைலான் அல்லது பாலியஸ்டர் கம்பியைச் சுருளாகச் சுற்றி நாடாவில் தைத்திருப்பார்கள். சுருளின் ஒவ்வொரு வளையமும் ஒரு பல். பைக்கு இதுவே நல்லது. உலோகப் பல் ஒன்று உடைந்தால் ஜிப் முடிந்தது. சுருள் ஜிப் நடுவில் விட்டுக்கொண்டால், ரன்னரைத் திறக்கிற பக்கமாக முழுதும் கொண்டுபோய்த் திரும்ப இழுத்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியும் சேரவில்லையா? அப்போது குற்றவாளி ரன்னர். அதன் மேல்தகடும் கீழ்த்தகடும் சுருளை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நாடாவில் ஏறிய மணலும் தூசியும் தினம் தினம் உள்பாதையை அரத்தைப்போல ராவுகின்றன. நிரம்பி வழிகிற பையை ஒரே இழுப்பில் மூடும்போது தகடுகள் விரிகின்றன. அரை மில்லிமீட்டர் விரிந்தால் போதும், ரன்னர் ஓடும், ஆனால் பற்களைச் சேர்க்காது. அதன் பின்முனையை இரண்டு ஓரத்திலும் கட்டிங் பிளேயரால் மெதுவாக அமுக்கினால் மறுபடி சேரும். மெதுவாக என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவை, முரட்டுத்தனமாக அமுக்கினால் விண்டுபோகும். இந்த வைத்தியம் சில மாதம் தாங்கும். நிரந்தர வழி புது ரன்னர்.

என் அண்ணன் மகளின் பைக்கு இப்படி ஆனபோது, வாங்கின கம்பெனியின் கடைக்கே கொண்டுபோனோம். "ரன்னர் மட்டும் மாத்தறதில்ல சார், பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க, குறைச்சுத் தர்றோம்" என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடைக்கடியில் மிஷின் போட்டிருக்கும் பெரியவரிடம் போனோம். அவர் ரன்னரைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அங்கே 8 என்று பொறித்திருந்தது. பூட்டிய ஜிப்பின் பல் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்வது அந்த எண். டப்பாவைக் கொட்டி எட்டாம் நம்பரைப் பொறுக்கி எடுத்தார். ஜிப் முனையின் தையலைப் பிளேடால் நாலு கண்ணி பிரித்தார். இரண்டு நாடா நுனியையும் சமமாக வெட்டி, ரன்னரின் இரண்டு வாயிலும் ஒரே அளவில் நுழைத்து, கட்டைவிரலால் நாடாவை இறுக்கிக்கொண்டு இழுத்தார். ஒரு பக்கம் ஒரு பல் முந்தினாலும் பை கோணிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு முனையைத் தைத்தார். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கேட்ட கூலி பை விலையில் சிறு துண்டு.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இத்தனை நுட்பமான பொருளில் தேய்கிற பாகம் ஒன்றே ஒன்று, அதுவும் தனியாக மாற்றக்கூடியது. அதற்காக நல்ல துணி, வார், பஞ்சு எல்லாம் குப்பைக்குப் போகின்றன. பாலியஸ்டர் மக்காது. விற்கிறவர்கள் பையோடு ஒரு ரன்னரைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? சட்டைக்கு உபரிப் பொத்தான் தைத்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே. பெற்றோர்களும், பிள்ளை 'ஜிப் போச்சு' என்றதும் போனை எடுத்துப் புதுசுக்கு ஆர்டர் போடுவதை நிறுத்த வேண்டும். கூட்டிக்கொண்டு போய், பெரியவர் எப்படி மாற்றுகிறார் என்று பிள்ளையை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியதும் இதிலிருந்தே வரும். பெரிய அறையின் ரன்னர் முதுகில் 8 அல்லது 10 இருக்கட்டும். முன்பக்கச் சின்ன அறைக்கு 5 போதும். பெரிய அறைக்கு இரண்டு ரன்னர் இருப்பது அவசியம். ஒன்று தேய்ந்தால் அதை அதன் கோடியிலேயே நிறுத்திவிட்டு, மற்றதை முழுதும் இழுத்து மூடிக்கொள்ளலாம், பரீட்சை முடியும்வரை காலம் தள்ளலாம். ஜிப் மூலையில் செங்குத்தாகத் திரும்பாமல் அகலமாக வளைந்து போக வேண்டும். உள்ளே கையை விட்டு ஜிப் ஓரத்துத் துணியைத் தடவுங்கள். துணி விளிம்பு பிசிர் தெரியாமல் நாடா வைத்து மூடியிருந்தால் நல்ல தையல். பிசிர் இருந்தால் நாளைக்கு அந்த நூல்தான் ரன்னருக்குள் போய் மாட்டும். மாட்டினால் இழுக்காதீர்கள், பின்னுக்குத் தள்ளி நூலை வெட்டுங்கள். ரன்னர் இறுகினால் மெழுகுவர்த்தியைப் பல்மேல் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தூசியைச் சேர்க்கும்.

அடுத்து வார். வார் பையின் உடம்போடு சேருகிற இடத்தில் நூல் நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிபோல் இருக்க வேண்டும். திருப்பூரில் பார்டேக் என்பார்கள். ஒரு சின்னக் கோட்டில் 28, 42 என்று கண்ணி விழும் தையல் அது. மேல் கைப்பிடியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டமான பஸ்ஸில் நிற்கிற பிள்ளை, உட்கார்ந்திருப்பவரிடம் "அண்ணா, கொஞ்சம் வச்சுக்கங்க" என்று பையைக் கொடுப்பதும் வாங்குவதும் அந்தப் பிடியைப் பிடித்துத்தான். பாரம் முழுக்க அதில். ஒரே தோளில் மாட்டித் திரிந்தால் ஒரு பக்கத் தையலுக்கு இரட்டைச் சுமை, முதுகுக்கும் கேடு. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பை எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. கல்லூரிக்காரர்களுக்கும் அது நல்ல அளவு.

கடைசியாக, துணியின் உள்பக்கத்துப் பூச்சு. தண்ணீர் புகாமல் இருக்க அங்கே பாலியூரித்தேன் தடவியிருப்பார்கள். புழுக்கமும் சூடும் சேர்ந்தால் காற்றின் ஈரமே அதை மெல்லச் சிதைக்கும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெள்ளைச் செதிலாக உதிர்வு, கூடவே ஒரு புளித்த நாற்றம். இதற்குப் பஸ் ஸ்டாண்டுப் பெரியவரிடமும் மருந்து கிடையாது. மழையில் நனைந்த பையை ஈரத்தோடு மடித்துப் பரணில் போடாதீர்கள். லீவு விட்டதும் சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, எல்லா ஜிப்பையும் திறந்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.