தாத்தாவோட பழைய இங்க் பேனா வீட்ல இருக்கா? மை ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இங்க் பேனா ஆசை மறுபடியும் வந்திருக்கா? புதுசு வாங்கும் முன், வீட்டில் கிடக்கும் பழசை எழுத வைக்க முடியுமான்னு பாருங்க.

எப்படி எழுதுது?

நிப்புக்கு அடியில் உள்ள 'நாக்கில்' மெல்லிய பள்ளங்கள் இருக்கும். அதன் வழியாக மை இறங்க இறங்க, காற்று உள்ளே போகும். இதற்கான ஓர் அமைப்புக்கு 1884-ல் அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றார்.

ஏன் எழுதல?

பெரும்பாலும் காரணம், அந்தப் பள்ளத்தில் காய்ந்த மைதான். நிப் பகுதியை மட்டும் சாதாரண தண்ணீரில் வைத்து, நிறம் இறங்கும் வரை தண்ணீரை மாத்துங்க. வெந்நீர், ஸ்பிரிட் வேண்டாம், பேனாவே பாழாகிடும்.

எந்த மை ஊத்தலாம்?

இங்க் பேனாவுக்கான மை மட்டும். ஓவியர்களின் 'இந்தியன் இங்க்' கூடவே கூடாது. அதிலுள்ள ஒட்டும் பொருள் காய்ந்தால் தண்ணீரில் கரையாது. விலை உயர்ந்த பேனாவும் அடைச்சுக்கும்.

எப்படி எழுதணும்?

பால்பாயின்ட் மாதிரி அழுத்தாதீங்க, நிப் விரிஞ்சிடும். பேனாவை சாய்த்துப் பிடிச்சு, லேசா தொட்டாலே போதும்.

சில வாரம் எழுதப் போறதில்லையா? மையை வெளியேத்தி, கழுவி, காயவெச்சு எடுத்து வைங்க.