குறிகட்டுவான் வரை வருமா இந்த அட்டை?

விமான நிறுவனக் கடனட்டைக்கு ஆண்டுக்கட்டணம் கட்டலாமா: தீவகத்துக்கு வந்துபோகும் குடும்பங்களுக்கான கணக்கு

நயினை நாகபூசணி அம்மனுக்கு ஆனி மாதம் கொடியேறிவிட்டால், குறிகட்டுவான் இறங்குதுறையில் பெட்டிகளைப் பார்த்தே யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ்ஸிலோ வாடகை வானிலோ வந்து இறங்குவோர் பலரின் பெட்டிக் கைப்பிடியில் விமான நிலையத்தில் சுற்றிய வெள்ளைப் பட்டி இன்னும் கிழிபடாமல் இருக்கும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று புறப்பட்ட இடம் வேறுபட்டாலும் கடைசிப் பயணம் எல்லோருக்கும் ஒன்றுதான்: பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, அதன்பின் படகு. படகில் ஏறும்போது கையில் இருக்கவேண்டியது ரூபாத் தாள். பணப்பையில் இருக்கும் பளபளப்பான அட்டைக்கு அங்கே வேலை இல்லை.

அந்த அட்டைக்கு ஆண்டுதோறும் 139 டொலரோ 599 டொலரோ 300 பவுணோ கட்டுகிறோம். "மைல் சேருது, ஊருக்குப் போக உதவும்" என்பதுதான் அதற்கு நாம் சொல்லும் காரணம். உண்மையில் உதவுகிறதா? ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வந்துபோகும் ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து இதைக் கணக்குப் பார்ப்போம்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

அடிக்கடி பறப்போருக்கு மைல் கொடுக்கும் பழக்கம் பெரிய அளவில் பரவியது 1981இல், அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கிய பிறகு. அப்போது மைல் என்பது பறந்ததற்கான வெகுமதி. இன்று அது விற்பனைப் பண்டம். விமான நிறுவனம் புள்ளிகளை வங்கிக்கு மொத்தமாக விற்கிறது. வங்கி அவற்றை நம் செலவுக்கு ஏற்பப் பங்கிட்டுத் தருகிறது. அதற்கான பணம் மூன்று வழிகளில் வருகிறது: அட்டையை ஏற்கும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையிலும் இழக்கும் சிறு பங்கு, நாம் கட்டும் ஆண்டுக்கட்டணம், கடனை நேரத்துக்கு அடைக்காதவர் கட்டும் வட்டி.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று போதும். எயார் கனடா 2019 ஜனவரியில் ஏரோபிளான் திட்டத்தை 450 மில்லியன் கனேடிய டொலர் கொடுத்து வாங்கியது. கொரோனாக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் மைல் திட்டங்களை ஈடுவைத்தே பல பில்லியன் டொலர் கடன் எடுத்தன. ஆகவே புள்ளியை அன்பளிப்பாக நினைக்க வேண்டாம். விலை கொடுத்து வாங்குகிறோம். கொடுத்த விலைக்குப் பொருள் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

ஆண்டுக் கணக்கு வேண்டாம், பயணக் கணக்குப் பாருங்கள்

வங்கி கட்டணத்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்கிறது. நாமோ ஆண்டுதோறும் ஊருக்குப் போவதில்லை. பிள்ளைகளின் பள்ளி, வேலை, வீட்டுக்கடன் எல்லாம் பார்த்து மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை போகும் குடும்பங்கள் ஏராளம். அப்படியானால் 139 டொலர் அட்டைக்கு ஒரு பயணத்தின் விலை 417 டொலர். 599 டொலர் அட்டைக்கு 1,797 டொலர். இரண்டாவது தொகை பல பருவங்களில் ஒருவருடைய டிக்கெட்டுக்கே போதும்.

இனி வரவுப் பக்கம். டிடி வங்கியின் ஏரோபிளான் விசா இன்ஃபினிட் அட்டை 139 டொலர் வகையைச் சேர்ந்தது. மளிகைக்கும் பெற்றோலுக்கும் ஒரு டொலருக்கு 1.5 புள்ளி, மற்றச் செலவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1 புள்ளி. ஒரு குடும்பம் மளிகைக்கும் பெற்றோலுக்குமாக மாதம் 1,200 டொலர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,400 டொலர், அதாவது 21,600 புள்ளி.

ஒரு புள்ளியை 1.5 சதம் பெறுமதிக்குப் பயன்படுத்தினால் 324 டொலர். ஆண்டுக்கட்டணம் இல்லாத, 1 சதவீதம் காசாகவே திருப்பித் தரும் சாதாரண அட்டை இதே செலவுக்கு 144 டொலர் தந்திருக்கும். வித்தியாசம் 180. கட்டணம் போக மிஞ்சுவது 41 டொலர். அதே புள்ளியை 1 சதம் பெறுமதிக்கே செலவழிக்க முடிந்தால் வித்தியாசம் 72 டொலராகச் சுருங்கி, கணக்கு 67 டொலர் நட்டத்தில் முடியும். புள்ளியை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதே லாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிக்கிறது.

இங்கேதான் திருவிழாக் காலம் குறுக்கே வருகிறது. நாம் போக விரும்புவது ஜூன், ஜூலை, ஓகஸ்டில்: ஒன்டாரியோவில் பள்ளி விடுமுறை, நயினையில் ஆனித் திருவிழா, அதைத் தொடர்ந்து நல்லூர். எல்லோரும் பறக்கும் அந்த நாட்களில் புள்ளிக்குக் கிடைக்கும் இருக்கைகள் அருமை. நான்கு பேருக்கு ஒரே விமானத்தில் கிடைப்பது அதைவிட அருமை. மாசியிலோ ஐப்பசியிலோ தனியாகப் போகக்கூடிய ஓய்வுபெற்றவருக்கே அந்தப் புள்ளிகள் நன்றாக உதவும்.

டிக்கெட் யாரிடம் எடுக்கிறோம்?

நம்மவர் பலர் டிக்கெட் எடுப்பது தெரிந்த தமிழ் முகவரிடம். காசாகவோ வங்கி மாற்றாகவோ கொடுத்தால் ஒரு விலை, அட்டையில் கொடுத்தால் இன்னொரு விலை. கனடாவில் 2022 ஒக்டோபரிலிருந்து, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், அட்டைக்கு மேலதிகக் கட்டணம் வாங்க வியாபாரிகளுக்கு அனுமதி உண்டு. உச்சம் 2.4 சதவீதம். தலைக்கு 2,000 டொலர் வீதம் நான்கு டிக்கெட் எடுத்தால் 8,000 டொலர். மேலதிகக் கட்டணம் 192 டொலர் வரை போகலாம். கிடைக்கும் 8,000 புள்ளியின் பெறுமதி, 1.5 சதப்படி, 120 டொலர்.

அந்த 8,000 டொலரை உடனே அடைக்க முடியாமல் அட்டையிலேயே விட்டால் என்ன ஆகும்? கனடாவில் பரவலாக உள்ள 20.99 சதவீத வட்டிப்படி ஒரு மாதத்துக்கே ஏறத்தாழ 140 டொலர். ஓர் ஆண்டின் அட்டைக் கட்டணம் முழுவதும் ஒரு மாத வட்டியில் போய்விடுகிறது. மாதாமாதம் முழுத்தொகையும் அடைக்கும் பழக்கம் இல்லாத வீட்டுக்கு, மைல் தரும் எந்த அட்டையும் லாபம் தராது. அப்படியானவர்களுக்குச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து டிக்கெட் எடுக்கும் நம் பழைய முறையே மேல்.

ஊரில் வந்து அட்டையைத் தேய்ப்பதும் கவனிக்க வேண்டியது. கனேடிய அட்டைகள் பெரும்பாலானவை வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 சதவீதம் அறவிடுகின்றன. கஸ்தூரியார் வீதியில் 1,000 டொலருக்கு நகை வாங்கினால் 25 டொலர் போய், 15 டொலர் பெறுமதியான புள்ளி வரும்.

சலுகைகள் எந்த இடத்தில் நிற்கின்றன?

விளம்பரத்தில் முதலில் வருவது இலவசப் பெட்டி. ஏரோபிளான் அட்டைக்காரருக்கும் அதே பதிவில் உடன் வருவோருக்கும் எயார் கனடா விமானங்களில் முதல் பெட்டி இலவசம். ஆனால் கொழும்புக்கு எயார் கனடா பறப்பதில்லை. நாம் வழமையாக ஏறும் வளைகுடா விமானங்களில், கனடாவிலிருந்து வரும் சாதாரண டிக்கெட்டுகளிலேயே பெரும்பாலும் 23 கிலோ பெட்டி இரண்டு அடங்கியிருக்கும். ஏற்கெனவே உள்ள உரிமையை அட்டை மறுபடியும் தருகிறது.

அடுத்தது ஓய்வறை. 599 டொலர் அட்டைகள் எயார் கனடாவின் மேப்பிள் லீஃப் ஓய்வறைகளைத் திறந்துவிடும். ஆனால் அன்றைய டிக்கெட் எயார் கனடாவிலோ ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி விமானத்திலோ இருக்க வேண்டும். இஸ்தான்புல் வழியாகத் துருக்கிய எயார்லைன்ஸில் வருபவருக்கு இது பயன்படலாம். எமிரேட்ஸும் கட்டாரும் எதிஹாட்டும் அந்தக் கூட்டணியில் இல்லை. ஆண்டுக்கு 25,000 டொலர் செலவழித்தால் கிடைக்கும் துணைப்பயணிச் சலுகையும் எயார் கனடா விமானங்களுக்குத்தான்.

லண்டன்காரருக்கும் நிலைமை இதேதான். பிரிட்டிஷ் எயார்வேஸின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் உயர்ரக அட்டைக்கு ஆண்டுக்கு 300 பவுண். 15,000 பவுண் செலவழித்தால் இரண்டாவது ஆளுக்கு அவியோஸ் புள்ளி கேட்காத வவுச்சர் கிடைக்கும். அந்த வவுச்சர் செல்லுபடியாவது பிரிட்டிஷ் எயார்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ் விமானங்களில். ஹீத்ரோவிலிருந்து ஸ்ரீலங்கனிலோ தோஹா வழியாகக் கட்டாரிலோ வரும் குடும்பத்துக்கு அது உதவாது. அவியோஸ் புள்ளிகளையோ இந்த இரண்டு நிறுவனங்களிலும் செலவழிக்கலாம். ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது, கட்டார் 2022இல் அவியோஸுக்கே மாறியது. ஆகவே லண்டன்காரருக்குப் புள்ளி ஊர்வரை வரும், வவுச்சர் வராது. வவுச்சருக்காகத்தான் 300 பவுண் கட்டுகிறீர்கள் என்றால், அதே நிறுவனத்தின் கட்டணமில்லாத அட்டையே போதும்.

அம்மாவின் காப்புறுதி

கட்டணத்துக்கு உண்மையான பெறுமதி தரக்கூடியது, யாரும் வாசிக்காத காப்புறுதிப் பக்கம். டிடியின் 139 டொலர் அட்டையில் பயண மருத்துவக் காப்புறுதி உண்டு. 65 வயதுக்குக் கீழானவருக்குப் பயணத்தின் முதல் 21 நாளுக்கு 2 மில்லியன் டொலர் வரை. இதைத் தனியாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்குக் கணிசமான தொகை போகும். மூன்று கிழமை விடுமுறையில் வந்துபோகும் நாற்பது வயதுத் தம்பதிக்குக் கட்டணத்தின் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

அதே அட்டையில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு முதல் 4 நாள் மட்டுமே. கட்டுநாயக்கவில் இறங்கி, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, களைப்பாறி, நெடுந்தீவுக்குக் கப்பலேறும்போதே அந்த நான்கு நாளும் முடிந்துவிடும். தீவில் இருப்பது பிரதேச வைத்தியசாலை. நோய் கடுமையானால் ஒரு மணிநேரக் கடல், அதன்பின் குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரை தரைப்பயணம். கொழும்புக்கு மாற்ற வேண்டி வந்தால் செலவு எங்கேயோ போகும். "மகனின் அட்டையில் எல்லாம் இருக்கு" என்று நம்பி மூன்று மாதம் ஊரில் தங்கும் அம்மாவுக்கு உண்மையில் எதுவும் இல்லை. அவருக்குத் தனிக் காப்புறுதி எடுங்கள். அட்டைக் கட்டணத்தை மிச்சம் பிடித்தாவது எடுங்கள்.

பெட்டி தொலைந்தாலோ விமானம் தாமதமானாலோ கிடைக்கும் இழப்பீட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: டிக்கெட் பணம் அந்த அட்டையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். முகவரிடம் காசாகக் கொடுத்தவருக்கு அது கிடைக்காது.

ஊரில் இருப்பவருக்கு

வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சென்னைக்கு வைத்தியத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர் பலாலியில் ஏறுவதே வசதி. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து, கொரோனா இடைவெளிக்குப் பின் 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயாரும், 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னைக்குச் சேவை நடத்தத் தொடங்கின. சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள், குறுகிய பறப்பு. இந்தப் பயணத்துக்காக மைல் அட்டைக்குக் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை.

வட்டி இங்கே இன்னும் கடுமை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு இருந்த 18 சதவீத உச்சவரம்பை நீக்கியபின், பல வங்கிகளில் அது 30 சதவீதத்தைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் யார் வைத்திருக்கலாம்?

ஆண்டுக்கு ஒருமுறையாவது பறப்பவர், கடனை மாதந்தோறும் முழுதாக அடைப்பவர், பருவமில்லாத காலத்தில் போகக்கூடியவர், 65 வயதுக்குக் கீழானவர்: இந்த நான்கில் மூன்று பொருந்தினால் 139 டொலர் அட்டை தன் விலையைத் தரும். கடனை அடைப்பது அந்த மூன்றில் கட்டாயம் இருக்க வேண்டும். 599 டொலர் அட்டை வேலை நிமித்தம் எயார் கனடாவில் அடிக்கடி பறப்பவருக்கு உரியது. மற்றவர்கள், அடுத்த கட்டணம் விழுவதற்கு முன் வங்கிக்கு அழைத்துக் கட்டணமில்லாத அட்டைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அட்டையை விட்டாலும் ஏரோபிளான் கணக்கில் சேர்ந்த புள்ளிகள் அப்படியே இருக்கும். ஆனால் 18 மாதம் அசைவில்லாமல் கிடந்தால் காலாவதியாகும். அவியோஸுக்கு அது 36 மாதம்.

சேர்த்த புள்ளியை என்ன செய்வது? என் கருத்து இது: திருவிழாவுக்குச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். திருவிழாத் திகதி முன்கூட்டியே தெரியும். அதற்கு விலை குறைவான நேரத்தில் டிக்கெட் எடுக்கலாம், சீட்டும் கட்டலாம். திகதி சொல்லாமல் வரும் அழைப்பு ஒன்று இருக்கிறது. ஊரில் தகப்பனார் போய்விட்டார் என்று இரவில் தொலைபேசி வரும். கொள்ளி வைக்க மகன் வரவேண்டும் என்று வீடு காத்திருக்கும். அந்த நேரத்தில் நாளைய டிக்கெட்டின் விலையைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பருவத்தில் 2,000 டொலராக இருந்தது எவ்வளவுக்கு ஏறியிருக்கும் என்று. ஓர் இருக்கை புள்ளிக்குக் கிடைத்துவிட்டால், அன்று அந்தப் புள்ளியின் பெறுமதியை யாரும் சதத்தில் கணக்கிடப் போவதில்லை. ஏரோபிளானில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் வரை புள்ளிகளை ஒரு கணக்கில் சேர்த்து வைக்கலாம். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் சேர்ந்தால் ஓர் ஆளை ஊருக்கு அனுப்பும் அளவுக்கு எப்போதும் கையிருப்பு வைத்திருக்கலாம்.

கடந்த ஆறு ஆண்டில் இந்த அட்டை உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேரைக் குறிகட்டுவானில் இறக்கியது என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரையாவது இறக்கியிருந்தால் வைத்திருங்கள். ஒருவரையும் இறக்கவில்லை என்றால், 139 டொலர் இன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 30,000 ரூபா. அதைத் தனியே எடுத்துவைத்தால், அடுத்த தடவை அம்மாவின் காப்புறுதிக்குக் கொஞ்சமும் படகுக்குக் கொஞ்சமும் ஆகும்.