செப்சிஸ்: உடல் வீங்கும்போதும் இரத்த அழுத்தம் குறைவது ஏன்?

கடுமையான கிருமித்தொற்றால் மருத்துவமனையில் இருப்பவரின் கை, கால், முகம் வீங்கியிருப்பதைக் கண்டு, “உடம்பில் இவ்வளவு நீர் இருக்கும்போது ஏன் இன்னும் டிரிப் ஏற்றுகிறார்கள்?” என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. இதற்கான விடை இரத்தக் குழாய்களில் உள்ளது.

செப்சிஸ் என்றால் என்ன?

நுரையீரல், சிறுநீர்ப் பாதை, காலில் உள்ள புண் போன்ற இடங்களில் தொற்று ஏற்பட்டால், உடல் அதை எதிர்த்துப் போராடும். அந்த எதிர்ப்பு கட்டுமீறி உங்கள் சொந்த உறுப்புகளையே பாதிப்பதுதான் செப்சிஸ். மூத்தோருக்கும், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இதன் அபாயம் அதிகம்.

குழாய்களில் என்ன நடக்கிறது?

இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை எப்போதும் சிறிதளவு உண்டாக்குகிறது. அது குழாயைத் தளர்த்தி, இரத்தம் சீராக ஓட உதவுகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இந்த வாயுவின் மூலமே வேலை செய்கிறது.

செப்சிஸின்போது இந்த வாயு அளவுக்கு மீறி உண்டாகிறது. அதனாலும், தொற்றை எதிர்க்க உடல் வெளியிடும் வேறு சில பொருள்களாலும்:

• குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் குறைகிறது.
• உட்சுவரின் இணைப்புகள் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இதுவே வீக்கம்.

வெளியே நீர் தேங்கினாலும் குழாய்க்குள் போதிய நீர் இல்லை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் குறைகிறது.

சிகிச்சை என்ன?

கிருமிக்கொல்லி மருந்து விரைவாகக் கொடுக்கப்படும். குழாய்க்குள் குறைந்த நீரை டிரிப் ஈடுசெய்யும். அதிகமானால் அதுவும் கசிந்து நுரையீரலில் தேங்கக்கூடும் என்பதால், அளவைக் கவனித்துக் கொடுப்பார்கள். அழுத்தம் உயராவிட்டால், குழாய்களைச் சுருக்கும் மருந்தும் தேவைப்படும். தொற்று அடங்கிய பின் வீக்கம் படிப்படியாக வடியும்.

நைட்ரிக் ஆக்ஸைடை அடியோடு தடுக்கும் மருந்தும் சோதிக்கப்பட்டது. ஆனால் அதைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடியதால் சோதனை நிறுத்தப்பட்டது. அளவோடு இருக்கும்வரை இந்த வாயு உடலுக்குத் தேவை.

எப்போது உதவி நாட வேண்டும்?

தொற்று இருக்கும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம்
• மூச்சு வாங்குதல்
• சிறுநீர் மிகவும் குறைதல்
• தோல் வெளிறுதல், கைகால் சில்லிடுதல்
• நடுக்கம், காய்ச்சல்

மூத்தோருக்குக் காய்ச்சல் இல்லாமலும் செப்சிஸ் வரலாம். குழப்பத்தை “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள்.