கொரோனருக்கு அறிவிக்க வேண்டிய மரணங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவர் இறந்தால், அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரே இறப்பின் காரணத்தைச் சான்றளிப்பது வழக்கம். எனினும் அக்காரணம் தெரியாதபோதும், மரணம் இயற்கையானதன்று என ஐயுற இடமிருக்கும்போதும், அதனைக் கொரோனருக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்தால் நியமிக்கப்பட்டுச் சுயேச்சையாக இயங்கும் மரண விசாரணை நீதி அதிகாரிக்கு, அவர் அறிவித்தாக வேண்டும். நெடுங்காலம் நடைமுறையாக மட்டுமே இருந்துவந்த இந்தப் பொறுப்பு, 2019 அக்டோபர் 1 முதல் மருத்துவர்களின் சட்டக் கடமையாயிற்று.

நஞ்சு, வன்முறை, காயம், தற்கொலை, மருந்தின் விளைவு, பராமரிப்பின்மை ஆகியவை இக்கடமைக்குள் வருவதில் வியப்பில்லை. சிக்கல் எழுவது, இயற்கை மரணம்போலவே தோன்றுவனவற்றில்தான். முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிச் சில வாரங்களில் நிமோனியாவால் இறந்தால், இறுதியில் உயிரைப் பறித்தது நோயே ஆயினும், அந்நோய்க்கு வழிவகுத்தது விழுந்த காயம் என்பதால் அம்மரணம் அறிவிக்கப்பட வேண்டியதாகிறது. இளமையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்த தொழிலாளி, பல பத்தாண்டுகளுக்குப் பின் மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோயால் இறந்தாலும் விதி மாறுவதில்லை, ஏனெனில் வேலையால் வந்த நோய்க்குக் காலவரம்பு கிடையாது. அறுவை சிகிச்சை முதலான மருத்துவச் செயல்களால் நேர்ந்ததாக ஐயுறப்படும் மரணமும் அவ்வாறே. சிறையிலோ காவலிலோ நிகழும் மரணம் மட்டும், முற்றிலும் இயற்கையானதாயினும், தவறாமல் அறிவிக்கப்படுகிறது. அரசின் பிடியில் இருந்தவரின் சாவுக்கு அரசே விளக்கம் கூறுவது போதாது என்பதே இதன் நியாயம்.

ஆனால் சான்றளிக்கும் மருத்துவரே குற்றவாளியாக இருந்தால், அறிவிப்பவர் யார்? 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டவரும், பின்னர் நடந்த விசாரணையில் 215 பேரைக் கொன்றவராகக் கண்டறியப்பட்டவருமான மருத்துவர் ஹரால்டு ஷிப்மேன், தாம் கொன்றவர்களுக்குத் தாமே சான்றிதழ் எழுதிவந்தார். இந்த ஓட்டை அடைபடக் கால் நூற்றாண்டு ஆயிற்று என்பது பெருமைக்குரியதன்று: கொரோனரிடம் செல்லாத ஒவ்வொரு மரணத்தையும், சிகிச்சையில் பங்குகொள்ளாத மூத்த மருத்துவர் ஒருவர் ஆராய வேண்டும் என்னும் விதி 2024 செப்டம்பர் 9 அன்றே நடைமுறைக்கு வந்தது.

அறிவிக்கப்பட்ட எல்லா மரணங்களும் பிரேதப் பரிசோதனைக்கோ இன்குவெஸ்ட் எனப்படும் பொது விசாரணைக்கோ செல்வதில்லை. காரணம் இயற்கையானதே எனத் தெளிந்தால் கொரோனர் பெரும்பாலும் அத்துடன் விட்டுவிடுவார். விசாரணை நடந்தாலும், இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பனவே அதன் கேள்விகள். எவரையும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க அதற்கு அதிகாரமில்லை. ஆகவே மருத்துவர் கொரோனருக்கு அறிவித்தார் என்பதைக் குடும்பத்தினர் தம்மீதான பழியாகக் கொள்ள வேண்டியதில்லை. விசாரணை நீளுமானால், வங்கி முதலிய அலுவல்களுக்கு உதவும் இடைக்காலச் சான்றிதழைக் கொரோனரிடம் கேட்டுப் பெறலாம். உடலைத் தாயகத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், மரணம் இயற்கையானதாயினும், அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.