படகு பார்க்கும் படலம்!

பெண் பார்க்கத் துணைக்குப் போயிருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போயிருக்கிறேன். வீடு பார்க்கப் போய் ஹவுஸ் ஓனரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். படகு பார்க்கப் போனது இதுதான் முதல் தடவை. அதுவும், நீச்சல் தெரியாத நான்!

எங்கள் ஆபீஸ் டிரைவர் காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவக் குடும்பம். அவர் தம்பிக்கு இருபத்தாறு வயசு. இத்தனை நாள் சித்தப்பா படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவன், 'இனிமே சொந்தப் படகுதான்' என்று கிளம்பிவிட்டான். கையில் கொஞ்சம் சேமிப்பு. மீதிக்கு, கல்யாணமாகி எட்டு மாசமே ஆன பெண்டாட்டியின் நகை.

"சார், நீங்கதான் நெட்டுல எல்லாம் பாப்பீங்களே... எந்தப் போட் நல்லதுன்னு ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க" என்றார் டிரைவர்.

போதாதா! ஆபீஸில் செல்போன், வாஷிங் மெஷின் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஆஸ்தான ஆலோசகன் அடியேன்தான். மூன்று ராத்திரி கண் விழித்துப் படித்தேன். அமெரிக்கா, கனடாவில் ஏரியில் மீன் பிடிக்கிற ஆசாமிகள் பலர் சின்ன அலுமினியப் படகுதான் வைத்திருக்கிறார்கள். 12 அடி, 14 அடி, 16 அடி. அடிப்பக்கம் தட்டையாக வேண்டுமா, கூராக வேண்டுமா? ரிவெட் அடித்ததா, வெல்டிங் வைத்ததா? ரிவெட் என்றால் லேசு, விலையும் குறைவு, ஆனால் நாளாக நாளாகக் கசியும். வெல்டிங் கொஞ்சம் கனம், விலையும் அதிகம். பின்னால் ஒரு அவுட்போர்டு என்ஜினை மாட்டினால் தீர்ந்தது! சின்னப் படகு என்றால் ரெண்டு பேர் தூக்கிக் கார் மேலே கட்டிக்கொண்டு போகலாம்.

'கண்டேன் படகை!' என்று நாலு படத்தைப் பிரின்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து மீஞ்சூரில் இறங்கினோம். அங்கிருந்து ரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரி. கடலோரம் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கூடவே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை. 2010-ல் திறந்தது; ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கிற அளவுக்குக் கட்டியது. சென்னையில் நீங்கள் குடிக்கிற டம்ளரில் ஒரு மடக்கு காட்டுப்பள்ளிக் கடலாக இருக்கலாம், ஜாக்கிரதை!

சித்தப்பா மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். என் படங்களை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அலுமினியமா? சோறு வடிக்கவா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த காக்காய்களே பறந்துவிட்டன. நான் அசடு வழிந்தேன். ஆனாலும் விடவில்லை. "ரெண்டே பேர் தூக்கலாம் பெரியவரே, அவ்வளவு லேசு!"

"உனக்கு லேசுன்னா அலைக்கும் லேசுதான தம்பி?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்த அமெரிக்க ஏரிகளில் படகை நிறுத்த மரப்பாலம் இருக்கிறது, இறக்கச் சரிவு மேடை இருக்கிறது. இங்கே உடைகிற அலையைத் தாண்டித்தான் போகணும், அதே அலையில் ஏறித்தான் கரைக்கு வரணும். கரை தொடும்போது 'தொம்' என்று மணலில் ஒரு மோது. தினம் தினம் இதேதான். மெல்லிய தகடு நாலே மாசத்தில் நசுங்கிய டிபன் பாக்ஸ் மாதிரி ஆகிவிடும்.

இந்த அலையில் இறங்கி ஏறுவது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, சென்னையிலேயே ஆபீஸ் போட்டு, மணல் கரையில் ஏறி இறங்கத் தோதான படகுக்காகவே வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது. கரை நெருங்கும்போது என்ஜினையும் விசிறியையும் அப்படியே மேலே தூக்கிக்கொள்கிற மாதிரியெல்லாம் செய்து பார்த்தார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ நூற்றாண்டாக நம் ஆட்கள் கண்டுபிடித்த விடை, கட்டுமரம். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டினால் ஆச்சு. முழுகாது, தண்ணீர் ஏறினாலும் இடுக்கு வழியாக இறங்கிவிடும். என்ஜின் மாட்டத்தான் அது சரிப்பட்டு வரவில்லை. ஃபைபர் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஏகப்பட்டது வந்து குவிந்து, தேவைக்கு மேலே படகு, அதில் பலது தரமும் இல்லை என்று பேச்சானது.

"ஃபைபர் ஒடைஞ்சா?" என்றேன்.

"கிளாஸ் மேட்டு, ரெசினு. காலைல ஒட்டினா சாயந்திரம் கடல்ல இருக்கும். உன் அலுமினியம் கிழிஞ்சா யாரு ஒட்டுவா?"

நியாயம்தான். அலுமினியத்தைச் சுத்தமாகப் பற்ற வைக்க ஆர்கான் வாயுவும், கை தேர்ந்த ஆளும் வேண்டும். அதைவிடப் பெரிய வில்லன் ஒன்று சித்தப்பாவின் மடியிலேயே கிடந்தது. வலையில் கோத்திருக்கிற ஈயக்குண்டு! உப்புத் தண்ணீரில் ஈயமோ செம்போ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத்தான் அரிக்கும். கடலுக்கென்றே செய்கிற அலுமினியக் கலவை உப்புத் தண்ணீரை நன்றாகவே தாங்கும். ஆனால் ஈர வலையை ராத்திரி முழுக்க மேலே குவித்து வைத்தால் அதுவும் என்ன பண்ணும், பாவம்!

பிரின்ட்டுகளை மடித்துப் பையில் வைத்தேன். அடுத்தது உண்மையான படகு பார்க்கும் படலம்.

ரெண்டு படகு விலைக்கு இருந்தது. ஒன்று 22 அடி ஃபைபர், மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு. தம்பிக்கு அதன் மேல்தான் கண். "சும்மா பறக்கும் சார்!" பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டியது. வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே கொண்டு போகலாம். நாற்பது கிலோவுக்குப் பக்கம்! குடிப்பது அதிகம், பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிர்கிறது என்பதால், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவணும். பத்து கோடி லிட்டர் ஆலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்ஜின் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று 28 அடி. டீசல் என்ஜின், பின்னால் நீளமான தண்டு, அதன் நுனியில் விசிறி. 'லாங் டெயில்' என்கிறார்கள். வாலைத் தூக்கினால் முழங்கால் தண்ணீரிலும் ஓட்டலாம். காற்றிலேயே குளிர்கிற என்ஜின், உப்பு உள்ளே போகாது. மீஞ்சூரில் எந்த மெக்கானிக்கும் பிரிப்பான். சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும், வேகமும் இல்லை.

"கெழவன் வண்டி" என்று முணுமுணுத்தான் தம்பி.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஒரு ரூபாய் காசை எடுத்து 22 அடியின் உடம்பெல்லாம் தட்டிக்கொண்டே போனார். 'டிங்... டிங்...' பின்னால் என்ஜின் தொங்குகிற பலகைக்கு வந்ததும் 'டப்'. என் கையில் காசைக் கொடுத்தார். நானும் தட்டினேன். டப்! ஃபைபருக்கு நடுவே வைத்த பலகை தண்ணீர் குடித்து உள்ளுக்குள் ஊறிப் போயிருக்கிறது. வெளியே பளபளவென்று நீலப் பெயிண்ட்.

"நடுக்கடல்ல என்ஜின் மட்டும் தனியா கழண்டுக்கும். நீ இங்க, அது அடியில."

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. சும்மா இல்லாமல், "சரி, ஏரிக்கு மட்டும் ஒரு சின்னப் படகு வாங்கினா என்ன?" என்றேன்.

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உப்பங்கழி. ஆனால் படகு இருந்தால் மட்டும் அங்கே போதாது. யார் எந்த இடத்தில், எந்த முறைக்கு வலை கட்டலாம் என்பதற்குப் 'பாடு' என்று காலங்காலமாகக் கணக்கு உண்டு. போதாக்குறைக்கு முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் கடல் தண்ணீர் வராது, இறால் வராது, உள்ளே இருக்கும் படகு வெளியே போக முடியாது. சின்ன ஏரிப் படகை வாங்கிவிட்டு, வாய் மூடின வருஷத்தில் நகையை எப்படி மீட்பது?

"ஏரிதானேன்னு சொல்லாத" என்றார் சித்தப்பா, குரலை இறக்கி. 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில்தான் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு தாங்குகிற அளவுக்கு மேல் ஆட்கள். நான் படித்த அமெரிக்கப் படகுகளில் எனக்குப் பிடித்ததே ஒரு குட்டித் தகடுதான்: இத்தனை பேர், இவ்வளவு எடை, இவ்வளவு குதிரைசக்தி என்று படகிலேயே அடித்து வைத்திருப்பார்கள். சொன்னேன். இந்த ஒரு தடவை யாரும் சிரிக்கவில்லை. "அத மட்டும் இங்கயும் அடிக்கலாம்" என்றார்.

கடைசியில் 28 அடி. விலை பேசி, அட்வான்ஸ் கொடுக்கும்போது தம்பி ஒரு நிபந்தனை போட்டான்: பெயிண்ட் மட்டும் தன் இஷ்டம். பெண்டாட்டிக்கு போன் போட்டு, "எந்தக் கலர் வேணும்?" என்று கேட்டான். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "மொதல்ல நகை, அப்புறம் கலரா? சரி, சரி" என்று போனை வைத்துவிட்டான்.

எனக்கு மட்டும் செல்போனில் இன்னும் அலுமினியப் படகு விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. 14 அடி. ரெண்டே பேர் தூக்கலாமாம்!